போதை ஊசிப் புண்கள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

போதை மாத்திரைகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான பதிலைப் படித்துவிட்டுக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில், ஊசி போட்ட இடத்தில் உண்டாகும் புண்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் குளச்சலுக்கு அருகே கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறோம். 23 வயதாகும் என் மகன் விசைப்படகில் வேலைக்குப் போகிறான். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இருப்பது அண்மையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது இடது முழங்கை மடிப்பில் வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து வர மறுக்கிறான். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீர் பட்டால் ஆறிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். முதலில் பழக்கத்தை நிறுத்தட்டும், பிறகு புண்ணைப் பார்க்கலாம் என்கிறார் அவனுடைய அப்பா. நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் சொல்லும் வரிசையை மாற்றியாக வேண்டும். புண்ணை இன்றே காட்டுங்கள். பழக்கத்தை விடுவதற்கு மாதங்கள் ஆகலாம். நிறுத்தியவர் மீண்டும் தொடங்குவதும், திரும்ப நிறுத்துவதும் இந்த நோயில் வழக்கமாக நடப்பவை. சீழ் அதுவரை காத்திருக்காது. இந்தப் புண்களால் கையை இழந்தவர்களிலும் உயிரை இழந்தவர்களிலும் பலர், வெட்கத்தாலும் பயத்தாலும் மருத்துவமனைக்கு வர நாட்களைக் கடத்தியவர்கள்தான்.

புண் ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்படுவது. மருந்துடன் டால்க், செல்லுலோஸ், மாவுப்பொருள் போன்றவற்றைச் சேர்த்து அழுத்தித்தான் மாத்திரையாக்குகிறார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை பறிமுதல் செய்யும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் டாபென்டடால் என்ற வலிநிவாரணி மாத்திரையும் அப்படிப்பட்டதே. தண்ணீரில் கரைத்தாலும், பஞ்சில் வடிகட்டினாலும், இந்தத் துகள்கள் முழுவதும் நீங்குவதில்லை. ஊசி ரத்தக்குழாயைத் தவறித் தோலுக்கடியில் இறங்கினால் அவை அங்கேயே தங்கித் திசுவைக் கெடுக்கின்றன. தோலிலும் வாயிலும் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் அதே துளை வழியாக உள்ளே போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன. தவறுதலாகத் தமனிக்குள் ஏற்றிவிட்டால் விரல் நுனிகளுக்கு ரத்தம் செல்வது தடைப்பட்டு, அவை கறுத்து அழுகும் நிலைகூட வருவதுண்டு.

உங்கள் மகனுக்கு இருப்பது சீழ்க்கட்டியாக இருந்தால், அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவதே முதன்மையான சிகிச்சை. கட்டியைச் சுற்றி ஒரு சுவர்போல் திசு வளர்ந்துவிடுவதால், ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் விழுங்கினால் மருந்து உள்ளே போதுமான அளவில் போய்ச் சேராது. அதற்காக வீட்டில் பிதுக்குவதோ, பிளேடாலோ ஊசியாலோ கீறுவதோ கூடவே கூடாது. முழங்கை மடிப்பில் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. ஊசி பட்டு அந்தத் தமனியின் சுவர் பலவீனப்பட்டுப் புடைத்துக்கொண்டாலும் பார்வைக்குச் சீழ்க்கட்டியைப் போலவே தோன்றும். அதைக் கீறினால் ரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும். எனவே வீக்கத்தின் மேல் விரலை மெல்ல வைத்தால் நாடிபோலத் துடிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுத்த பிறகே கத்தியை எடுப்பார். ஊசி முனை உள்ளே முறிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். இது நடந்திருக்கிறதா என்று மகனிடம் கேட்டு, மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள், எண்ணெய் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். காப்பித்தூள், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். மருத்துவமனைக்குப் புறப்படும் வரை, சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் அந்த இடத்தைக் கழுவி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, கையைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிப் பரவினால் அது அவசரநிலை. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், சூடு, இறுக்கம், மினுமினுப்பு ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டும் பாருங்கள்.

பார்வைக்குச் சிறியதாக இருக்கும் புண்ணில் தாங்க முடியாத வலி, தோல் கருநீலமாவது, கொப்புளம், அழுத்தினால் நறநறவென்ற உணர்வு, குளிர்காய்ச்சல், பிதற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். தோலுக்கடியில் தசையுறை அழுகும் நோய் இப்படித்தான் தொடங்கும்; சில மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பிழைக்க வாய்ப்பு உண்டு. விரல்கள் குளிர்ந்து மரத்துப்போவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, இமைகள் தொங்கி விழுங்கச் சிரமப்படுவது, முதுகுவலியோடு காய்ச்சலும் கால் பலவீனமும் வருவது ஆகியவையும் அதே அவசரத்தைச் சேர்ந்தவை.

கடல் தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். திறந்த புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். வெதுவெதுப்பான கடலோர நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது புண் வழியாக நுழைந்தால் ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்கும் அளவுக்கு நோய் முற்றலாம்; கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து மிகவும் அதிகம். ஊசியைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு ஹெபடைடிஸ் சி கிருமியால் கல்லீரல் கெட்டிருப்பது பலமுறை அவர்களுக்கே தெரிவதில்லை. ஆகவே புண் மூடும் வரை அவர் படகுக்குப் போக வேண்டாம். வருமானம் போகிறதே என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் கை போய்விட்டால் வலை இழுக்க முடியாது.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது காவல்நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பது ஆகாது. எந்த மருந்து, எங்கே ஊசி போட்டார், கடைசியாக எப்போது என்று நாங்கள் கேட்பது சிகிச்சைக்காக. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்து, நோயாளியின் விவரங்களைக் காப்பதைக் கடமையாக்குகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, அப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள். குளச்சல் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உடன் நீங்களும் போங்கள். வழியில் அவரைத் திட்டாமல் இருப்பதே இன்று நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி நான். என் அண்ணன் முன்பு வலிக்காக ஃபோர்ட்வின் ஊசி போடத் தொடங்கி, பிறகு அதை விட முடியாமல் பல வருடம் தொடையிலும் கையிலும் தானே போட்டுக்கொண்டார். இப்போது நிறுத்திவிட்டார். ஆனால் தொடை மரக்கட்டைபோல் இறுகிக் கிடக்கிறது. அதில் ஒரு புண் ஒரு வருடமாக ஆறவில்லை. வைத்தியர் எண்ணெய் கொடுத்து, மீன், முட்டை இரண்டையும் பத்தியம் வைக்கச் சொன்னார். சரியா?

பதில்: அண்ணன் அந்த ஊசியை நிறுத்தியது பெரிய காரியம். அதை அவரிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

ஃபோர்ட்வின் என்பது பென்டசோசின் என்ற வலிநிவாரணி மருந்து. அதைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டால் தோலும் தசையும் நாராகி இறுகிவிடுவது மருத்துவ உலகம் நீண்ட காலமாக அறிந்த பக்கவிளைவு. இறுகிய திசுவுக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை என்பதால், அதில் வரும் புண் மெதுவாகவே ஆறும். எண்ணெயைப் புண்ணுக்குள் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு வருடமாக ஆறாத எந்தப் புண்ணையும் அறுவை மருத்துவர் பார்த்து, அதன் ஓரத்திலிருந்து சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நாள்பட்ட புண்களில் அரிதாகப் புற்று தோன்றுவதுண்டு. தொடக்கத்தில் கண்டால் அகற்றிவிடலாம். சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்ட திசுவை நீக்கி, தோல் ஒட்டு அறுவை செய்ய முடியுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்வார்கள்.

பத்தியத்தை ஏற்க முடியாது. புண் ஆறப் புரதம் வேண்டும். மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று நம் ஊரில் பரவலாக நம்புகிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சாளை மீன், முட்டை, சிறுபயறு, கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் போதை ஊசி போட்டவர்களின் கை கால்கள் அழுகுவதைக் காட்டும் வீடியோ வாட்ஸ்ஆப்பில் வருகிறது. அது என்ன மருந்து? - கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: சைலசின். மாடு, குதிரை போன்ற விலங்குகளை மயக்கமூட்டக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவது, மனிதர்களுக்கு உரியதன்று. அமெரிக்காவில், குறிப்பாக ஃபிலடெல்ஃபியா நகரில், கள்ளச்சந்தையில் ஃபென்டனில் என்ற வலிமையான வலிநிவாரணியோடு இதைக் கலந்து விற்றுவந்தார்கள். 2023 ஏப்ரலில் அந்நாட்டு அரசு இந்தக் கலவையை வளர்ந்துவரும் அச்சுறுத்தல் என்று அறிவித்தது. ஊசி போடாத இடத்திலும் புண் வருவதும், மயக்கத்தை முறிக்கும் நலாக்சோன் சைலசின்மீது வேலை செய்யாததும் அதன் தனித்தன்மைகள். ஆனாலும் உடன் கலந்துள்ள ஃபென்டனில்மீது நலாக்சோன் வேலை செய்யும் என்பதால் அதைக் கொடுக்கவே வேண்டும். அந்தப் புண்களைக்கூட, அவசரப்பட்டு வெட்டாமல், நாள்தோறும் கழுவி ஈரப்பதம் காத்துக் கட்டுப்போட்டே பெருமளவு ஆற்றியிருக்கிறார்கள். அந்த வீடியோக்களைத் தயவுசெய்து பகிராதீர்கள். அதில் தெரிபவர்கள் சிகிச்சை வேண்டி நிற்கும் மனிதர்கள். அவற்றைப் பார்க்கும் நம் ஊர்ப் பையன்கள் தங்கள் புண்ணை இன்னும் ஆழமாக மறைப்பார்கள்.

கேள்வி: தக்கலை வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியராகப் பணிபுரிகிறேன். இத்தகைய புண்ணோடு வருபவர்களுக்குக் கட்டுப்போடுவதில் நான் கவனிக்க வேண்டியவை எவை? மேல்சிகிச்சைக்கு அனுப்பினாலும் பாதியில் ஓடிவந்துவிடுகிறார்கள். ஊசி குத்திவிடுமோ என்ற பயமும் எங்களுக்கு இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியின் நடுப்பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கின்றன. அவர்கள் பாதியில் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், போதை இறங்கும்போது வரும் உடல் துன்பம். கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பு வலி, தூக்கமின்மை என்று அது வரிசையாக வரும். அறுவை சிகிச்சைப் பிரிவில் இதை யாரும் கவனிக்காவிட்டால் இரண்டாம் நாள் இரவே அவர் சுவரேறிக் குதித்தாவது வெளியேறுவார். நாமோ அவருக்குத் திருந்தும் எண்ணமே இல்லை என்று எழுதிவிடுவோம். அனுப்பும் சீட்டிலேயே, இவர் இன்ன மருந்துக்கு அடிமை, கடைசியாக இன்ன நேரத்தில் எடுத்தார், மனநலப் பிரிவின் ஆலோசனையும் உடனே தேவை என்று எழுதுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் அவர் படுக்கையில் தங்குவார், புண்ணும் ஆறும். வலிக்கும் முழுமையாக மருந்து தர வேண்டும். பழக்கத்தால் உடல் தாங்குதிறன் கூடியிருப்பதால் வழக்கமான அளவு அவருக்குப் போதாமல் போகலாம். அவர் கேட்பதெல்லாம் நடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

கட்டு மாற்றும்போது பழைய துணி ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுங்கள்; இழுத்துப் பிய்த்தால் புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும், அடுத்த முறை அவரும் வரமாட்டார். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் ஆகியவற்றைப் புண்ணுக்குள் ஊற்றாதீர்கள். அவை கிருமியோடு புதிய திசுவையும் கொல்கின்றன. சலைனோ, சுத்தமான குழாய்த் தண்ணீரோ போதும். ஒட்டாத வாசலின் வலைத்துணியை வைத்து, அதன்மேல் உறிஞ்சும் பஞ்சுக்கட்டு, அதன்மேல் சுற்றுத்துணி. காய்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும் கறுப்புப் பொருக்கைச் சுரண்ட வேண்டாம். அதனடியில் சீழ் அசைந்தாலோ துர்நாற்றம் வந்தாலோ அறுவை மருத்துவர் பார்க்கட்டும். தொடை இடுக்கிலும் கழுத்திலும் உள்ள வீக்கத்தைச் சுகாதார நிலையத்தில் கீறவே கூடாது. காய்ச்சலோடு மூச்சிரைப்பும் இருந்தால் இதய வால்வில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அன்றே அனுப்புங்கள். அதற்கான சிகிச்சை பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் நீளும்.

தினமும் வர முடியாதவருக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய கட்டுத்துணியைக் கையில் கொடுத்து, தானே மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் டெட்டனஸைத் தடுக்கும் டிடி தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் ஹெபடைடிஸ் சி பரிசோதனையையும் மறக்க வேண்டாம். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைடிஸ் சி சிகிச்சை இலவசம். பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையிலேயே குணமாகிறது.

உங்கள் பயம் நியாயமானது. கையுறை அணியுங்கள், அவர் பையிலோ சட்டையிலோ ஊசி இருக்கிறதா என்று மரியாதையோடு கேட்டு, அவரையே எடுத்து ஊசிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவ அதிகாரியிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் தொடர வேண்டும். ரத்தம் எடுக்க ரத்தக்குழாய் கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்துவதற்கு முன், எது இன்னும் நன்றாக இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கேட்கப்பட்டதே அவருக்கு ஒரு மதிப்பாகவும் இருக்கும்.

கேள்வி: நான் இன்னும் விடவில்லை. விட முயன்று முடியவில்லை. கையில் இரண்டு இடத்தில் புண். திட்டாமல் பதில் சொல்லுங்கள் டாக்டர். - மார்த்தாண்டம்

பதில்: தம்பி, எழுதியதற்கு நன்றி. திட்ட எனக்கு எந்தக் காரணமும் இல்லை. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பதாக மதிப்பிட்டது. நீங்கள் தனியாக இல்லை.

இரண்டு புண்களையும் நாளைக் காலையில் குழித்துறை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். இன்னும் விடவில்லை என்பதையும் சொல்லுங்கள். புண்ணுக்கு மருந்து பெற அது தடையன்று. மேலே அந்தத் தாய்க்குச் சொன்ன அபாய அறிகுறிகளை ஒருமுறை படித்து, உங்கள் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவதை மட்டுமாவது இன்றே கைவிட முடியுமானால், புதிய புண்களில் பெரும்பகுதி வராது. அதுவும் முடியாத நாளில் புண்ணின் மேலும், அதைச் சுற்றியும், தொடை இடுக்கிலும், கழுத்திலும் ஊசி போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு; தண்ணீர், பஞ்சு, கரைக்கும் மூடி எதையும் பகிராதீர்கள். ஊசி முனையை நாக்கால் தொடாதீர்கள். தோலைச் சோப்பால் கழுவிக் காயவிடுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஊசி போடுபவர்களுக்குப் புதிய ஊசி வழங்குவதும், பியூப்ரினார்ஃபின் மாற்று சிகிச்சை தருவதும் அரசே ஏற்றுக்கொண்ட வழிமுறைகள்; 1097 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். மாற்று மருந்து எடுத்தால் ஊசியின் தேவை படிப்படியாகக் குறையும். முயன்று முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தின் துணையில்லாமல் முயன்றிருந்தால் முடியாமல் போனதில் வியப்பில்லை. பழக்கத்தை விட உதவி கேட்க 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

சில நாள் நிறுத்திவிட்டு மீண்டும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில் இது இன்னும் அதிகம். உங்களோடு இருக்கும் நண்பர் எவரேனும் எழுப்பியும் எழாமல், குறட்டைபோல் மூச்சுவிட்டு, உதடு நீலமானால், 108ஐ அழைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.